மனவடு நோய் உள்ள தொண்டரை ஒதுக்கினால் என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது. யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு அமைப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறீர்கள். 2009 இறுதி யுத்தத்தில் பட்டவற்றால் வந்த மனவடு நோய்க்கு மருந்து எடுக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் இதைப் பி.ரி.எஸ்.டி. என்பார்கள். மாதக் கிளினிக்கில் உங்களைக் கண்ட யாரோ அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த கிழமையே பிள்ளைகளின் மாலை வகுப்பிலிருந்து எடுத்து, களஞ்சிய அறையில் பொதி கட்ட விட்டுவிட்டார்கள். காரணம் கேட்டால், "உங்கட நன்மைக்குத்தான் தங்கச்சி, கரைச்சல் இல்லாத வேலை" என்று பதில். இது பாரபட்சமா, அப்படியென்றால் சம்பளம் வாங்காத ஒருவர் எங்கே போய் முறையிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாரபட்சம்தான். உங்கள் வேலையில் ஒரு குறையும் காட்டவில்லை, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நோயின் பெயரை மட்டும் வைத்து இடம் மாற்றியிருக்கிறார்கள். அன்பான குரலில் சொன்னதால் அது வேறொன்றாகிவிடாது.

முதலில் செய்ய வேண்டியது, பேச்சை நோயிலிருந்து வேலைக்கு இழுத்து வருவது. "எனக்கு ஒன்றுமில்லை, நான் சுகமாகத்தான் இருக்கிறேன்" என்று வாதாடத் தொடங்கினால், உங்கள் மனநிலையை அளக்கும் உரிமையை அவர்களிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "மாலை வகுப்பில் நான் செய்கிற எந்த வேலையை என்னால் செய்ய ஏலாது என்று நினைக்கிறீர்கள்? எதை வைத்து அப்படி முடிவெடுத்தீர்கள்?" இதற்குப் பதில் தேட வேண்டியவர்கள் அவர்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

நியாயமான மாற்றமும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இரவுக் குளிசையின் மந்தம் காலை வரைக்கும் நிற்கிற ஒருவரை அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் பொருள் கொண்டுபோக விடாமல் இருப்பது பாரபட்சமல்ல. வேறுபாடு தெரிய வேண்டுமானால் பாருங்கள்: முடிவுக்கு முன் சம்பந்தப்பட்டவரைக் கேட்டார்களா, குறிப்பிட்ட ஒரு பணியைப் பற்றிய முடிவா அல்லது ஆளைப் பற்றியதா, எப்போது திரும்பப் பார்ப்போம் என்று திகதி சொன்னார்களா, வேறு வருத்தக்காரரையும் இப்படித்தான் நடத்துகிறார்களா. நீரிழிவுக்கு மாதாமாதம் கிளினிக் போகிற தொண்டரை யாரும் களஞ்சிய அறைக்கு அனுப்புவதில்லை. இந்த ஒப்பீட்டை உங்கள் கடிதத்திலும் எழுதலாம்.

"விசர்க் குளிசை குடிக்கிற ஆளைப் பிள்ளைகளோட விட ஏலுமே" என்று பின்னால் பேசுகிறவர்களுக்குச் சொல்லக்கூடிய விளக்கம் இதுதான். இந்த நோயில் நடந்தது மறுபடி நடப்பதுபோலக் கண்முன் வரும், கெட்ட கனவு வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் ஆள் தவிர்ப்பார். எந்நேரமும் ஆபத்து வருமென்ற விழிப்பு இருக்கும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குழப்பும்போதுதான் நோய் என்று சொல்வார்கள். இது குணப்படுத்தக்கூடியது. மனவடுவை மையமாக வைத்த உளச்சிகிச்சையும், செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் பலருக்கு நன்றாக உதவுகின்றன. பாதிக்கப்படுகிறவர் பெரும்பாலும் தனக்குள்தான் சுருங்குவார். பிள்ளைகளுக்கு ஆபத்தானவர் என்று சொல்ல இந்த நோயின் பெயர் ஓர் ஆதாரமே அல்ல. 1995 இடம்பெயர்வையும் 2004 ஆழிப்பேரலையையும் 2009 ஐயும் பார்த்த மண்ணில், நோயின் பெயரைச் சொல்லாமலே இதே அறிகுறிகளோடு வேலை செய்கிறவர்கள் அந்த நிர்வாக சபையிலும் இருக்கலாம்.

இனி, எவ்வளவு சொல்வது. யாழ்ப்பாணம் சிறிய இடம். ஒருவரிடம் சொன்னது பின்னேரத்துக்குள் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். ஆகவே தேவையைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள். "திடீர் சத்தம் எனக்கு ஒத்துவராது, அனர்த்த ஒத்திகையில் சைரன் அடிக்கப் போகிறார்கள் என்றால் முதல் நாளே சொல்லுங்கள்" என்பது போதும். எந்த ஊரில், எந்த ஆண்டில், யாரை இழந்தீர்கள் என்பது அவர்களுக்கு வேண்டாத தகவல். அமைப்பில் ஒரேயொருவரிடம், முடிந்தால் தொண்டர்களுக்குப் பொறுப்பானவரிடம், சொல்லுங்கள்; "இது உங்களோடு இருக்க வேண்டும்" என்று வாயால் சொல்லி, அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியிலும் எழுதிவிடுங்கள். பின்னர் விடயம் வெளியே போனால் எங்கிருந்து போனது என்று காட்ட அந்தச் செய்தி உதவும்.

கிளினிக் கொப்பியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோக் கொப்பியும் கொடுக்க வேண்டாம். அதில் மருந்தின் அளவு, நீங்கள் வைத்தியருக்குச் சொன்னவை, சில வேளை குடும்ப விடயம் வரைக்கும் இருக்கும். "மெடிக்கல் றிப்போட் கொண்டு வாங்கோ" என்று கேட்டால், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் ஒரு சிறு கடிதம் கேளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: இவர் என் கவனிப்பில் இருக்கிறார், பிள்ளைகளுக்கான கற்பித்தல் உட்பட இன்னின்ன பணிகளைச் செய்யத் தகுதியுள்ளவர், இன்னின்ன ஒழுங்குகள் உதவியாக இருக்கும், மூன்று மாதத்தின் பின் மீளப் பார்க்கலாம். நோயின் பெயர் தேவையில்லை. கிளினிக் நாளில் சனம் கூடுதலாக இருக்கும், வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். ஆகவே நீங்கள் செய்கிற பணிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் "வேலை செய்யலாம்" என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும். அதை வைத்து ஒன்றும் கேட்க முடியாது.

கேட்கக்கூடிய ஒழுங்குகள் பெரும்பாலும் செலவில்லாதவை. வாசலைப் பார்த்தபடி இருக்கும் கதிரை. கிளினிக் நாளில் விடுப்பு. இரவுக் கடமை இல்லாமை, ஏனென்றால் நித்திரை குழம்பினால் அடுத்த இரண்டு மூன்று நாளும் அறிகுறி கூடும். பத்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி, ஏன் என்று கேட்காமல். முதலுதவிப் பயிற்சியில் பொய் இரத்தம் பூசிக் காயம் காட்டும் பகுதியில் பார்வையாளராக மட்டும் நிற்பது. பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலம் எடுக்கும் வேலையில் தனியே விடாமல் இன்னொருவரைச் சேர்ப்பது. மே 18, டிசம்பர் 26 போன்ற நாட்களையும், உங்களுக்கு மட்டும் தெரிந்த அந்த ஒரு திகதியையும் கடமைப் பட்டியல் போடும்போதே விட்டுவிடச் சொல்வது. கோயில் திருவிழா வெடியும் தீபாவளி வெடியும் எப்போது வருமென்று எல்லோருக்கும் தெரியும். அந்த இரவுகளுக்கு முன்கூட்டியே வேறு ஆள் போடலாம். எல்லாவற்றையும் கேட்காதீர்கள். உண்மையில் உதவுகிற இரண்டு அல்லது மூன்றை மட்டும் கேளுங்கள். நீண்ட பட்டியலைக் கண்டால் "இவ்வளவு கரைச்சலா" என்று அதையே காரணமாக்குவார்கள்.

ஒதுக்கிய அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. திகதி, நேரம், இடம், அவர்கள் சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார் என்பவற்றை அன்றிரவே எழுதுங்கள். பேச்சு வழக்கில் சொன்னதைப் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். வாட்ஸ்அப் அல்லது வைபர் குழுவிலிருந்து உங்களை எடுத்துவிடக் கூடும். அதற்கு முன் கடமைப் பட்டியல், உங்களைப் பாராட்டிய செய்தி, இடமாற்றச் செய்தி எல்லாவற்றையும் திகதி தெரியும்படி திரைப்பிடித்து இன்னொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். வரவுப் பதிவேட்டில் உங்கள் கையொப்பம் உள்ள பக்கங்களையும் படம் எடுங்கள்.

"சொந்த விருப்பின் பேரில் விலகுகிறேன்" என்று ஒரு தாளை நீட்டினால் கையொப்பம் வைக்காதீர்கள். "வீட்டில காட்டிப்போட்டு நாளைக்குத் தாறன்" என்று சொல்லித் தாளோடு வெளியே வாருங்கள். மனவடு உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் இழக்கிறார்கள். அறையில் நாலு பேர், குரல் உயர்கிறது, எப்படியாவது வெளியே போனால் போதும் என்று உடம்பு சொல்கிறது. கை தானாகவே கையொப்பம் வைத்துவிடும். அந்தத் தாள் பிறகு எந்த முறைப்பாட்டையும் கொல்லும்.

அடுத்து, பொறுப்பாளருக்கு ஒரு கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இந்த மாதிரியில் எழுதலாம்:

"கடந்த … ஆம் திகதி என்னை மாலை வகுப்புப் பணியிலிருந்து களஞ்சியப் பணிக்கு மாற்றியுள்ளீர்கள். எனது உடல்நலமே காரணம் எனத் தங்கள் பேச்சிலிருந்து விளங்கிக்கொண்டேன். அது பிழையாயின் சரியான காரணத்தை எழுத்தில் அறியத்தரவும். மாலை வகுப்புப் பணியில் என்னைப் பற்றி முறைப்பாடு எதுவும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. அப்பணியைச் செய்ய நான் தகுதியுள்ளவர் என்ற வைத்தியரின் கடிதத்தை இணைத்துள்ளேன். பின்வரும் இரண்டு ஒழுங்குகளுடன் அதே பணிக்குத் திரும்ப விரும்புகிறேன். 14 நாட்களுக்குள் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு தைத்து வையுங்கள். கையில் கொடுத்தால் பிரதியில் திகதியோடு பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் நிர்வாக சபைத் தலைவருக்கும் செயலாளருக்கும். அமைப்பின் யாப்பில் முறைப்பாட்டு ஒழுங்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டு நிதியில் நடக்கிற திட்டமானால் நிதி கொடுப்பவரிடம் அநேகமாக முறைப்பாட்டு வழி ஒன்று இருக்கும். அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளில் அந்த மின்னஞ்சல் இருக்கக்கூடும். அவர்களுக்கு எழுதும்போது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது என்பதையும், நீண்டகால உளப் பாதிப்பும் அதற்குள் வரும் என்பதையும், நியாயமான ஒழுங்கு செய்துதர மறுப்பதே பாரபட்சம் என்று அது சொல்வதையும் குறிப்பிடுங்கள். நிதி வழங்குநரின் ஒரு மின்னஞ்சல் உள்ளூரில் பல கடிதங்கள் செய்யாததைச் செய்யும்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை உள்ளபடி சொல்கிறேன், ஏனென்றால் பொய் நம்பிக்கையில் மாதங்கள் போய்விடும். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். நீங்கள் அரசாங்கப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராகவோ, ஆஸ்பத்திரியில் சுகாதாரத் தொண்டராகவோ, பிரதேச செயலகத்தின் திட்டத்திலோ இருந்தால் இந்த வழி திறந்திருக்கிறது. தனியார் தொண்டு அமைப்பென்றால் நேரடியாகப் பொருந்தாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கோ பதவிக்கோ ஆட்சேர்ப்புச் செய்வதில் பாரபட்சத்தைத் தடுக்கிறது, மேல் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி தருகிறது. அதன் சொற்கள் ஆட்சேர்ப்பைப் பற்றியவை. தொண்டரை இடம் மாற்றியதை அதற்குள் கொண்டுவருவது எளிதல்ல. மேலும் வலுவிழப்பை வாழ்க்கைத் தேவைகளைத் தானாகப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றே அந்தச் சட்டம் வரையறுக்கிறது. "வேலை செய்ய முடியும்" என்று நிற்கிற உங்களுக்கு அந்த வரையறை இடைஞ்சல் தரும். தொண்டர் என்று பெயர் வைத்து மாதாமாதம் கொடுப்பனவு, கட்டாய நேரம், விடுப்புக்கு அனுமதி எல்லாம் இருந்தால், அது உண்மையில் வேலை ஒப்பந்தமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது. சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் வசதி குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

அரசு நிறுவனமென்றால் ஒரு மாதக் கணக்கை மறக்காதீர்கள். உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டிவரலாம், ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் வைத்திருங்கள். யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், கட்டணமில்லை. தொலைபேசி 1996.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உங்களுக்கு ஒரு கருவி. 2016 இன் 12 ஆம் இலக்கமான அது அரச நிறுவனங்களோடு நிற்பதில்லை. அரசின், வெளிநாட்டு அரசின் அல்லது சர்வதேச அமைப்பின் நிதியில் பெரும்பகுதி தங்கிப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும், அந்தச் சேவை சம்பந்தமான தகவலளவில் பொருந்தும். மாலை வகுப்புக்குத் தொண்டர்களைத் தெரிவதற்கும் மாற்றுவதற்கும் உள்ள விதிமுறையின் பிரதியைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். விதிமுறையே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகம்.

இப்போது, எல்லாவற்றையும் விட அதிகமாக முறைப்பாடுகளைக் கெடுக்கிற ஒன்றுக்கு வருகிறேன். தவிர்த்தல் இந்த நோயின் அறிகுறி என்று மேலே சொன்னேன். ஒதுக்கப்பட்ட அனுபவமும் ஓர் அடிதான். அதைப் பற்றிய கடிதத்தைத் திறக்க, அலுவலகம் இருக்கிற வீதியால் போக, நடந்ததை எழுத உட்கார, மனம் மறுக்கும். "நாளைக்குப் பார்ப்பம்" என்று சொல்லச் சொல்ல ஒரு மாதம் முடிந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அக்கறையின்மை போலத் தெரியும், உங்களுக்கே பிறகு வெட்கமாக இருக்கும். ஆகவே கடைசித் திகதியை உங்கள் மனதில் வைக்காமல் இன்னொருவர் கையில் கொடுங்கள். அக்காவோ, நம்பிக்கையான தோழியோ, உங்கள் உளவளத்துணையாளரோ அந்தத் திகதியைத் தன் போனில் போட்டு, ஒரு கிழமைக்கு முன் உங்களோடு வந்து இருக்கட்டும். எழுதுவதை ஒரே இருப்பில் முடிக்க வேண்டாம். பகல் நேரத்தில் அரை மணித்தியாலம் எழுதி, மூடி, எழும்பிக் கொஞ்சம் நடந்து, பிறகு தொடருங்கள். இரவில் எழுதினால் நித்திரை போகும். நடந்ததன் ஒழுங்கு மாறி மாறி நினைவுக்கு வருவதும் நோயின் பகுதிதான். அன்றிரவு எழுதிய குறிப்பு அதற்காகத்தான்.

யுத்தத்தில் நடந்ததைப் பாரபட்ச முறைப்பாட்டில் எழுத வேண்டிய தேவையே இல்லை. அதிகாரிகள் மாறி மாறி "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கோ" என்பார்கள். ஒரு பக்கக் குறிப்பை நீட்டி, "இதில இருக்கு ஐயா, இதுக்கு மேல கேக்கிறதை நான் பதிலாச் சொல்லுறன்" என்று சொல்லலாம். ஒவ்வொரு மேசையிலும் புதிதாகக் கதை சொன்னால் பழைய காயம்தான் கிளறுபடும்.

கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தனியே போகாதீர்கள். காலை நேரம் கேளுங்கள், வாசலுக்குப் பக்கத்தில் இருங்கள், சொல்ல வேண்டியதைத் தாளில் பார்த்துச் சொல்லுங்கள். குரல் நடுங்கினால் அல்லது கோபம் ஏறினால் "ஐஞ்சு நிமிசம் தாங்கோ" என்று வெளியே வந்துவிடுங்கள். சத்தம் போட்டால் "பாத்தியளே, இதுதான் நாங்கள் சொன்னது" என்று முடித்துவிடுவார்கள். நியாயமான கோபத்தைக் கூட நோயாகக் காட்டுவது மிகக் கொடுமை; ஆனாலும் அந்த அறையில் அது நடக்கும், ஆகவே தயாராகப் போங்கள்.

முகநூலில் எழுத வேண்டாம். நீங்கள் காத்துவந்த நோயின் பெயர் நிரந்தரமாக வெளியே போய்விடும், மறுபக்கத்தினர் அவதூறு என்று திருப்பவும் இடம் கிடைக்கும். "நான் சுகம்" என்று நிரூபிக்க மருந்தை நிறுத்தவும் வேண்டாம். செர்ட்ராலின் போன்றவற்றைத் திடீரென விட்டால் சில நாட்களில் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம் வரும். அது முறைப்பாடு சூடாக இருக்கிற அதே கிழமையில் வந்து சேரும். நிறுத்துவதென்றால் வைத்தியரோடு பேசிப் படிப்படியாக. இந்த இழுபறியில் அறிகுறி கூடினால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் போங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவும் பகலும் எடுக்கலாம்.

போராடாமல் விலகுவதும் ஒரு தெரிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் சுகத்துக்கு எது நல்லது என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். ஆனால் சேவைச் சான்றிதழ் இல்லாமல் விலகாதீர்கள். வடக்கில் தொண்டர் ஆசிரியர்களும் சுகாதாரத் தொண்டர்களும் நிரந்தர நியமனம் கேட்டபோது, எத்தனை ஆண்டு சேவை செய்தோம் என்று தாளில் காட்ட வேண்டி வந்தது. தாள் இல்லாதவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சான்றிதழில் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, செய்த பணிகள் (மாலை வகுப்பு என்று தெளிவாக), கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், கடிதத் தலைப்பு, முத்திரை, கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். "உடல்நலக் காரணத்தால்" என்ற சொல் எங்காவது இருந்தால் வாங்காமல், அதை எடுத்துவிட்டுத் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். தர இழுத்தடித்தால், நீங்கள் படம் எடுத்து வைத்த வரவுப் பதிவேட்டுப் பக்கங்களை இணைத்து நிர்வாக சபைக்குப் பதிவுத் தபாலில் கேளுங்கள்.